பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்

ஆல்டரேஷன் அக்காவிடம் சாயங்காலம் ஏழிலிருந்து ஏழரை வரைக்கும் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருமுறை மேல் வீட்டுக் குழாய் உடைந்து, தண்ணீர் சுவரில் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு வாளியை வைத்துவிட்டு வந்து திரும்பவும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "சுவரு நாளைக்கும் இங்கதான் நிக்கும். இந்தக் காட்சி நிக்குமா?" என்று மேல் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

துணிக்கடையில் ட்ரையல் ரூமுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே இருக்கிற சின்ன அறைதான் அவள் ராஜ்ஜியம். ஒரு தையல் மிஷின், ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக் மிஷின், இஸ்திரி மேசை, கழுத்தில் எந்நேரமும் தொங்குகிற அளவு டேப். பேண்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, சட்டைக் கையைச் சின்னதாக்குவது என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. வயது ஐம்பத்தொன்று. முதலாளியிலிருந்து அவளைவிடப் பத்து வயது மூத்த கட்டிங் மாஸ்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஆல்டரேஷன் அக்காதான். ஆள் கடைக்குள் நுழையும்போதே "இவருக்கு இடது தோள் கால் அங்குலம் இறக்கம்" என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நாடகமும் பார்த்தாள். வினையே அதுதான்.

ரசிகை என்றால் கூடவே உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரசிகை இல்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சரைப் போலப் பார்ப்பாள். பதினோரு வருஷமாக ஓடுகிற அந்த ஏழு மணி நாடகத்தின் கதாநாயகிக்கு அவள் வைத்த பெயர் மூக்குறிஞ்சி. "அழுகைன்னா தொண்டையில ஆரம்பிக்கணும். இவளுக்கு நேரா மூக்குல ஆரம்பிக்குது" என்பாள். போன காட்சியில் மடித்திருந்த காலர் இந்தக் காட்சியில் நிமிர்ந்திருந்தால் போச்சு, மறுநாள் கட்டிங் மாஸ்டருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அவ்வளவு நேரம் பேசுவாள். மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. அவரும் அதே நாடகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே மூக்குறிஞ்சியைத் தூக்கி வைத்துப் பேசுவார்.

நடிப்பை எடை போட அவளிடம் சொந்தமாக ஒரு சட்டம் இருந்தது. "மொகத்தைப் பாக்காதீங்க மாஸ்டர். மொகம் பொய் சொல்லும். கையைப் பாருங்க. சொந்த வீட்டுல எவனாவது ஸ்விட்சைத் தேடுவானா? கதவுக் கைப்பிடியைக் குனிஞ்சு பாத்துத் தொறப்பானா? கை தானா போகும். செட்டுல நிக்கிறவன்தான் தேடுவான். எங்க தேடுறானோ அங்க நடிக்கிறான்னு அர்த்தம்."

இந்தச் சட்டத்தில் தேறிய ஒரே ஆள் நாடகத்தில் வக்கீலாக வருகிற கதாநாயகன். அவனுக்குப் பெயர் புருவக்காரன். பதில் சொல்வதற்கு முன்னால் கட்டைவிரலால் வலது புருவத்தை ஒரு தடவு தடவுவான், அரை நொடி மூச்சைப் பிடிப்பான், அப்புறம்தான் பேசுவான். சட்டைக் கையைச் சரியாக மூன்று மடிப்பு மடித்து முழங்கைக்குக் கீழே நிறுத்துவான். மூக்குறிஞ்சியைத் "தங்கம்" என்பான். "புருஷன்னா இப்படிப் பாக்கணும் பொண்டாட்டிய" என்று அக்கா வாய்விட்டே சொல்வாள், வாரத்துக்கு இரண்டு தடவையாவது.

இதையெல்லாம் சொல்லும்போது அவளுடைய சொந்தப் புருஷன் எங்கே இருந்தார் என்று கேட்டால், அவளுக்குப் பின்னால் இருந்தார். வீட்டு ஹாலே அவ்வளவுதான். டிவிக்கு முன்னால் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி, அதற்குப் பின்னால் சுவரை ஒட்டி அவருடைய கட்டில். அவர் லிஃப்ட் மெக்கானிக். இத்தனைக்கும் அவர்கள் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது, அந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டு அவருக்கே சலித்துப் போயிருந்தது. முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து, எட்டு மாதம் முன்னால் ரிட்டயர் ஆனார். பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசாத மனுஷன். அக்கா பேசுகிற பேச்சுக்கு அந்த வீட்டில் இன்னொருவர் பேச இடமும் இல்லை. அவளை "ஊசி" என்று கூப்பிடுவார். கையில் ஊசி இருப்பதாலா, நாக்கில் இருப்பதாலா என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முதலில் மாறியது சட்டைக் கை. ஒருநாள் காலையில் அவர் சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்து, முழங்கைக்குக் கீழே நிறுத்தியிருந்தார். வேலைக்குப் போன காலம் முழுக்கப் பட்டனை மாட்டி மணிக்கட்டில் இறுக்கியே போட்ட ஆள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாள் கழித்து, "சாப்பாடு போடட்டுமா?" என்று கேட்டபோது அவர் கட்டைவிரலால் புருவத்தைத் தடவினார். அரை நொடி நின்றார். "போடு தங்கம்" என்றார்.

கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஆனால் சந்தோஷத்தில்தான் போட்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழரைக்கு நாடகம் முடிந்ததும் தினம் போன் பண்ணுகிற ஆள் ஒருத்தி உண்டு. அவருடைய அக்கா, இவளுக்கு நாத்தனார். இரண்டு பேருக்கும் வேறு எதிலும் ஒத்துப்போகாது, நாடகத்தில் மட்டும் ஒட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு நாடகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணி, உங்க தம்பிக்கு இந்த வயசுல என்ன வந்துச்சுன்னு தெரியல. என்னைத் தங்கம்ங்கிறாரு" என்று வெட்கப்பட்டாள். "அவனா? அவனுக்கு அதெல்லாம் வராதேம்மா" என்றாள் நாத்தனார்.

மறுநாள் கடையில் கட்டிங் மாஸ்டர் இதைக் கேட்டுவிட்டுத் துணிக்கு மேலாகப் பார்த்தார். "திடீர்னு ஒருத்தன் ஸ்டைல் பண்ணா ரெண்டு காரணம்தான் அக்கா. ஒண்ணு புதுசா யாரையோ பாத்துட்டான். இன்னொண்ணு எதையோ மறைக்கிறான்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவர் பக்கம் சாக்பீஸை எறிந்தாள். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து புருஷனைக் கவனிக்க ஆரம்பித்தாள். நடிகனைக் கவனிக்கிற மாதிரி, முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள்.

கை தேடியது.

குளியலறை விளக்கைப் போட ஸ்விட்ச் போர்டு முன்னால் நின்று, நாலு ஸ்விட்சின் மேலும் விரலை மெதுவாக ஓட்டினார். முதலில் ஃபேன் சுற்றியது. அணைத்தார். அடுத்ததைப் போட்டார். பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிற வீடு. சமையலறைக் கதவைத் திறக்கும் முன்னால் கைப்பிடியை ஒருமுறை குனிந்து பார்த்தார். டம்ளர் எடுக்க இரண்டு அலமாரிகளைத் திறந்தார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கட்டைவிரல் புருவத்துக்குப் போனது.

பேச்சும் அப்படித்தான் இருந்தது. "மாவு வாங்கணும், மருந்தும் வாங்கணும்" என்றால், "மருந்தும் வாங்கணும்" என்பார். "அண்ணி ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம்" என்றால், "வர்றாங்களாம்" என்று தலையாட்டுவார். அவள் கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். வசனம் மறந்த நடிகர்கள் இப்படித்தான் சமாளிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். ஆனால் அதற்கெல்லாம் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடலாம். இதை எங்கே கொண்டுபோய் அணைப்பது?

அந்த ஏழு மணி நாடகத்தில் இரண்டு வருஷம் முன்னால் ஒரு கூத்து நடந்தது. கதாநாயகியின் அண்ணனாக நடித்தவன் விலகிவிட்டான். புது ஆளின் படத்தைக் காட்டி, "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு அட்டை போட்டார்கள். அடுத்த நொடியிலிருந்து வீட்டில் அத்தனை பேரும் அவனை "அண்ணா, அண்ணா" என்றார்கள். "ஒருத்தி கூடவா முழிக்க மாட்டா? உயரமே அரை அடி வித்தியாசம் அண்ணி" என்று நாத்தனாரிடம் ஒரு வாரம் பொருமினாள். இப்போது தன் வீட்டு ஹாலில், சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கும்போது அந்த அட்டைதான் கண்ணில் வந்து நின்றது. அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலர் பதினைந்தரை, தோள் பதினெட்டு, இடது தோள் அரை அங்குலம் இறக்கம். அந்த உடம்பை அவள் கைக்குத் தெரியும். உடம்புக்குள் இருந்து பேசுகிறவனைத்தான் தெரியவில்லை.

இப்படியெல்லாம் நினைக்கிறோமே, நமக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரத்துக்கும் காட்சிக்கும் நடுவில் ஒரு நொடி திரை கறுப்பாகிவிடும் இல்லையா, அந்த ஒரு நொடியில் கண்ணாடியில் தெரிவது போல ஹால் முழுக்க அதில் தெரிந்தது. அவள் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலில் அவர் தெரிந்தார். முதுகை நிமிர்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் புருவத்தில் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

திரை வெளிச்சமாகிவிட்டது. புருவக்காரன் வந்து மூக்குறிஞ்சியிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அக்காவின் காதில் விழவில்லை. ஏனென்றால் அதே வசனத்தை ஒரு வார்த்தை பின்தங்கி அவளுடைய முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரலும் சொல்லிக்கொண்டிருந்தது. மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற குரலில். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாடகம் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்கு நாடகத்தில் என்ன நடந்தது என்று நாத்தனாருக்குச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை, டீ கொடுக்கும்போது சோதித்துப் பார்த்தாள். பேச்சுவாக்கில் கேட்பது போல, "ஏங்க, நாம முதல்முதலா பாத்துக்கிட்டது ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அவர்கள் பார்த்துக்கொண்டது ஒரு லிஃப்டில். இவள் அப்போது வேலை பார்த்த கார்மெண்ட் கம்பெனியில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் சிக்கிக்கொண்டது. கதவை நெம்பித் திறந்து இவளை இழுத்து வெளியே எடுத்தவர் அவர். இரும்பு விளிம்பு கீறிய தழும்பு இன்னும் இவள் முழங்காலில் இருக்கிறது. இதை மறக்கிற புருஷன் இருக்க முடியுமா?

அவர் புருவத்தைத் தடவினார். மூச்சைப் பிடித்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "எப்படி மறக்கும் தங்கம்? மழை. பாலத்து மேல நின்னுட்டிருந்தே. குடையை மறந்துட்டு வந்திருந்தே."

அது மூன்றாவது எபிசோடு. பாலமும் புருவக்காரனுடையது, குடையும் மூக்குறிஞ்சி மறந்தது. அக்கா டீ டம்ளரை மேசையில் வைத்தாள். "ஆமா, மழை" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? மூன்று மாடி இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு வந்தபிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

அன்றைக்கு இருந்த குழப்பத்தில், கழுத்தில் போட்டிருக்கிற அளவு டேப்பைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாள். தினமும் அதைக் கழற்ற மறந்து, வீட்டுக்குப் போட்டுக்கொண்டே வருகிறவள். சாவியையும் கடையில் விட்டுவிட்டதால் கதவைத் தட்டினாள். அவர் திறந்தார். அவளைப் பார்த்தார். முன்பின் தெரியாத விருந்தாளியிடம் காட்டுகிற மரியாதை முகத்தில் இருந்தது.

"யாரு வேணும்?" என்றார்.

அவர் கண் அவள் கழுத்துக்குப் போனது, மறுபடி முகத்துக்கு வந்தது, மறுபடி கழுத்துக்குப் போனது. எதையோ தேடியது. கடைசியில் அவள் கையில் இருந்த டிபன் டப்பாவைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தடவினார். "வா, வா. சும்மா விளையாட்டுக்கு" என்றார். விளையாட்டு என்று நம்ப அவள் எவ்வளவோ முயற்சி பண்ணினாள். அன்று ஏழு மணிக்கு நாற்காலியைப் பக்கவாட்டுச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டாள், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய நீலச் சட்டையைக் கடைக்கு எடுத்துப்போனாள். காலர் பிய்ந்திருந்தது, திருப்பித் தைக்க வேண்டும். ஆல்டரேஷன் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியானாலும் மிஷினில் வைக்கும் முன்னால் பாக்கெட்டை வெளிப்பக்கமாக இழுத்துப் பார்த்துவிடுவார்கள். உள்ளே நாணயம், ஊக்கு, சாவி எது கிடந்தாலும் ஊசி உடைந்துவிடும். இழுத்தாள். நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் சர்வீஸ் எழுதுகிற மஞ்சள் தாள். அவருடைய கையெழுத்து, பென்சிலில், ஒவ்வொரு வரியின் மேலும் இரண்டு மூன்று தடவை எழுதி அழுத்தியிருந்தது.

"பஸ் இறங்கி மருந்துக்கடை. பக்கத்துச் சந்து. பச்சைக் கதவு. மூணாவது மாடி.
சாவி இடது பை.
கழுத்தில் டேப் போட்ட அம்மாதான் மனைவி.
கேள்வி கேட்டா புருவம். பதில் தெரியலேன்னா சிரிப்பு. மீதி ஏழு மணிக்குப் பாத்துக்கணும்."

மூன்றாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கட்டிங் மாஸ்டர் கத்திரியை வைத்துவிட்டு வந்து, "என்னக்கா? ஏன் அப்படியே நிக்கிறீங்க?" என்றார். தாளை அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார். ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டார்.

புருஷன் எதையோ மறைக்கிறார் என்று அவள் கண்டுபிடித்தது சரிதான். நடிக்கிறார் என்று கண்டுபிடித்ததும் சரி. சொந்த வீட்டில் ஸ்விட்ச் தேடுகிறவன் நடிக்கிறவன் என்ற அவளுடைய சட்டம் ஒரு இம்மி கூடப் பிசகவில்லை. நடிப்பில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு, ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள்ளேயே எதற்கு நடிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கத்தான் தோன்றவில்லை. அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

சாயங்காலம் டேப்பைக் கழுத்தில் சரியாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர் முகம் தெளிந்தது. "வா தங்கம்" என்றார். ஏழு மணிக்கு அவரே டிவியைப் போட்டார், பாட்டுத் தொடங்கியது. அக்கா எழுந்து போய் அணைத்தாள். நாற்காலியைத் தூக்கித் திருப்பி, கட்டிலுக்கு எதிரே போட்டு, அவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த நேரத்தில் அந்த நாற்காலி அந்தப் பக்கம் திரும்பியது அன்றைக்குத்தான்.

அவர் கலங்கிப்போனார். கண் கறுப்பாகக் கிடந்த டிவிக்கும் அவளுக்கும் மாறி மாறி ஓடியது. "இன்னிக்கு நாடகம் இல்லையா?" என்றார்.

அவள் மஞ்சள் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். கட்டைவிரல் புருவம்வரைக்கும் போய், வழியிலேயே நின்று, கீழே இறங்கியது. மடித்திருந்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விட்டார். நிமிர்ந்தபோது அது புருவக்காரன் முகம் இல்லை. அவளுக்குத் தெரிந்த வேறு எவருடைய முகமும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றார். முப்பது வருஷத்தில் அவளை அவர் வாங்க போங்க என்று பேசியதில்லை. "உங்களை ஏமாத்தணும்னு இல்லீங்க. சில நாள் எல்லாம் தெரியுது. சில நாள் கண்ணு முழிச்சா, யாரோ வீட்டுல படுத்திருக்கேன். நீங்க வந்து டீ குடுக்கறீங்க. நல்லவங்களாத் தெரியுது. உங்களைப் போய் யாருன்னு எப்படிக் கேக்கறது?"

"எப்பலேருந்து?"

"அதுவும் தெரியலீங்க." கொஞ்சம் யோசித்தார். "நீங்க அந்தப் பெட்டியில வர்ற ஆளைப் பாத்து, புருஷன்னா இப்படி இருக்கணும்னு சொல்வீங்க. அது மட்டும் தினமும் நடக்குது. சரி, அவனை மாதிரி இருந்துட்டாத் தப்பு வராதுன்னு நெனச்சேன்."

அக்கா அழுதாள். எங்கே ஆரம்பித்தது, தொண்டையிலா மூக்கிலா என்றெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். மருந்து இருக்கும்" என்றாள்.

"போவோம்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னப் பென்சிலை எடுத்தார். மஞ்சள் தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை முட்டிமேல் வைத்து நீவினார். "அவனை விட்டுடறேன். உங்க புருஷன் நெஜமா எப்படி இருப்பாரு? சொல்லுங்க, எழுதிக்கறேன். அதையே செய்யறேன்."

"என்னை ஊசின்னு கூப்பிடுவீங்க."

ஊசி என்று எழுதினார். "எப்படிச் சிரிப்பேன்?"

வாயைத் திறந்தாள். புருவக்காரன் எப்படிச் சிரிப்பான் என்று கேட்டால் ஒன்பது விதம் சொல்வாள், எந்த எபிசோடு என்பதோடு சேர்த்துச் சொல்வாள். எதிரே இருக்கிறவர் எப்படிச் சிரித்தார்? தேடிப் பார்த்தாள். வேலைக்குக் கிளம்புகிற முதுகு ஞாபகத்துக்கு வந்தது. படியில் ஏறுகிற செருப்புச் சத்தம் வந்தது. விளம்பர நேரத்தில் நாற்காலி ஓரமாக வந்து தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுப் போகிற கை வந்தது, தினமும் வைத்த கை. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருந்திருக்க வேண்டும். டம்ளரைத் தடவி எடுத்துக் குடித்தாளே தவிர, நிமிர்ந்து பார்த்ததில்லை.

"சத்தம் வராமச் சிரிப்பீங்க" என்றாள். உண்மையா என்று அவளுக்கே தெரியாது. அவர் எழுதிக்கொண்டு, செய்து காட்டினார். உதடு விரிந்தது, சத்தம் வரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பல் தெரிந்தது. அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. "சரியா?" என்றார். "சரிதான்" என்றாள்.

"அவருக்கு உங்க மேல பிரியம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதை எப்படிக் காட்டுவாரு?"

பென்சில் தாளில் தயாராக இருந்தது. நல்ல மாணவன்போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தேடினாள். கதவில் சாய்ந்துகொண்டு பார்ப்பது புருவக்காரன். காய்ச்சலில் நெற்றியைத் தொடுவது புருவக்காரன். கூட்டத்தில் திரும்பித் திரும்பித் தேடுவதும் அவன்தான். வந்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு இன்னும் பின்னால் போய்ப் பார்த்தாள், அங்கே திரை கறுப்பாக இருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.